அளந்து போடும் ஊருக்குத்தான் ஆலை வரும்

(கோவையில் சிறு, குறுந்தொழில் முனைவோர் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

விழாத் தலைவர் அவர்களே, மாவட்ட நிர்வாகத்தின் சார்பில் வந்திருக்கும் அதிகாரிகளே, மின்வாரியப் பொறியாளர்களே, மாமன்ற உறுப்பினர்களே, சங்கத்தின் நிர்வாகிகளே, இடம் கிடைக்காமல் பின்னால் நின்றுகொண்டே கேட்கிற தம்பிகளே, அனைவருக்கும் வணக்கம்.

மேற்பார்வைப் பொறியாளர் அய்யாவுக்குத் தனியாக ஒரு நன்றி சொல்ல வேண்டும். நேற்று ராத்திரி காற்றும் மழையும் அடித்து எங்கள் பகுதியில் மரம் விழுந்து கம்பி அறுந்தது. விடிவதற்குள் அவருடைய ஆட்கள் சரிசெய்துவிட்டார்கள். அந்த லைன்மேன்கள் இந்த மேடைக்கு வர மாட்டார்கள், ஆனால் முதல் பொன்னாடை அவர்களுக்குத்தான் சேரும். முன்வரிசையில் அமர்ந்திருக்கும் பெரியவருக்கும் வணக்கம். இந்த ஊரில் பாதி வீட்டுக் கிணற்றில் அவர் பட்டறையில் செய்த மோட்டார்தான் ஓடியது என்று என் அப்பா சொல்வார். இன்னும் பெயர் சொல்ல வேண்டியவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். நேரம் கருதி விடுபட்டவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

எனக்குக் கொடுத்த தலைப்பு, ‘தொழிலை ஈர்க்கும் அடிப்படை வசதிகள்’. மின்சாரம், தண்ணீர், சாலை, எரிவாயு என்று நான்கையும் பேசுவதாக அழைப்பிதழில் போட்டிருக்கிறார்கள். பேசலாம். அதற்கு முன் எங்கள் பாட்டி வாயில் எப்போதும் நின்ற பழமொழி ஒன்று உண்டு: ஆற்றில் போட்டாலும் அளந்து போடு. இன்றைக்கு நான் சொல்ல வந்ததெல்லாம் அதற்குள் இருக்கிறது.

முதலில் மின்சாரம். கோவையில் 1888-லேயே ஸ்டேன்ஸ் மில் வந்துவிட்டது. அப்புறம் நாற்பது வருஷம் வரைக்கும் இங்கே இருந்த மில்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். நீராவியில் ஓட்ட வேண்டும், அதற்கு நிலக்கரி வெகுதொலைவிலிருந்து ரயிலில் வர வேண்டும். 1932-ல் நீலகிரியில் பைக்காரா மின் நிலையம் ஓட ஆரம்பித்தது. மூவாயிரம் அடிக்கு மேல் உயரத்திலிருந்து தண்ணீரைக் குழாயில் இறக்கி எடுத்த மின்சாரம், மலையிறங்கி நம் ஊருக்கு வந்தது. அடுத்த சில ஆண்டுகளில் மில்கள் வரிசையாக எழும்பின. மில் வந்ததும் அதற்கு உதிரிபாகம் செய்யப் பட்டறை வந்தது, கிணற்றுக்குக் கரண்ட் வந்ததும் பம்பு செய்யும் ஆலை வந்தது. சிறுவாணித் தண்ணீர் ஊருக்குள் வந்ததும் ஏறக்குறைய அதே காலம்தான். கரிசல் பருத்தியும் இந்த ஊர் மக்களின் உழைப்பும் இதற்குக் காரணம் இல்லையா என்று கேட்பீர்கள். காரணம்தான். ஆனால் அவை இரண்டும் 1932-க்கு முன்னாலும் இங்கேதான் இருந்தன.

கரண்ட் போனால் என்ன ஆகும் என்பதை 2012-ல் பார்த்தோம். பத்து மணி நேரத்துக்கு மேல் வெட்டு. அந்த வருஷம் டீசல் ஜெனரேட்டர் வாங்கக் கடன் பட்டவர்கள் இந்த அரங்கத்திலேயே இருக்கிறார்கள். அது போதும், அந்தக் கதையை நான் நீட்ட வேண்டியதில்லை.

வேறொரு கதையை நீட்டப் போகிறேன். சில வருஷங்களுக்கு முன்னால் வெளி மாநிலத்திலிருந்து ஒரு தொழிலதிபர் வந்தார். அட்டைப்பெட்டி செய்யும் ஆலை போட இடம் பார்க்க வேண்டும். தெரிந்தவர் மூலமாக என்னிடம் அனுப்பி வைத்தார்கள், நானும் கூடப் போனேன். நம் மேற்கு மாவட்டங்களில் ஓர் ஊர், பெயர் வேண்டாம். அங்கே அவருக்கு மாலை மரியாதை எல்லாம் பிரமாதம். வரைபடத்தை விரித்தார்கள், நிலத்தின் விலை சொன்னார்கள், வரிச் சலுகை சொன்னார்கள். அவர் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். வெளியே வந்ததும், ‘ஒரு டீ குடிப்போம்’ என்றார்.

பஸ் ஸ்டாண்டு ஓரத்தில் ஒரு டீக்கடை. இரண்டு டீ சொன்னோம். அவர் டீயைக் குடிக்காமல், கண்ணாடி கிளாஸ் கழுவுகிற அலுமினியக் குண்டாவையே பார்த்துக்கொண்டு நின்றார். ஒரே தண்ணீரில் முப்பது கிளாஸ் முங்கி எழுந்துகொண்டிருந்தது. என்னைப் பார்த்து, ‘இங்கே குழாய் இல்லையா, கேளுங்கள்’ என்றார். கேட்டேன். டீ மாஸ்டர் ஆற்றிக்கொண்டே சொன்னார்: ‘குழாய் இருக்குதுங்க. தண்ணி வந்து பன்னெண்டு நாள் ஆச்சுங்க. இது லாரித் தண்ணி, குடம் கணக்கு.’ அடுத்து, ‘கரண்ட் எப்போது போகும்?’ என்று கேட்கச் சொன்னார். மாஸ்டர் கை நிற்கவே இல்லை. ‘போற நேரம் சொல்லிருவனுங்க. வர்ற நேரந்தான் சொல்ல முடியாதுங்க’ என்றார். சுற்றி நின்றவர்கள் எல்லாம் சிரித்தார்கள். மொழிபெயர்த்துச் சொன்னதும் அவரும் சிரித்தார். ‘உள்ளே எனக்கு நிலத்தின் விலை சொன்னார்கள். தண்ணீரின் விலையை இவர்தான் சொன்னார்’ என்றார். இன்னொரு டீ வாங்கிக் குடித்தார், மாஸ்டருக்குக் கை கொடுத்தார், காரில் ஏறினார். அந்த ஊருக்கு அந்த ஆலை வரவில்லை. சலுகை போதாது என்று உள்ளே இருந்தவர்கள் இன்னும் நினைத்துக்கொண்டிருக்கலாம்.

எந்த ஊரையும் குறை சொல்ல இதைச் சொல்லவில்லை. நம் பக்கத்திலேயே அதற்கு மறுமொழி இருக்கிறது, திருப்பூர். சாயப்பட்டறைகள் ஒரு காலத்தில் சுற்றுவட்டாரக் கிணறுகளிலிருந்து லாரி லாரியாகத் தண்ணீர் வாங்கின. அதற்காக 1995-ல் அரசும் தொழில் துறையும் சேர்ந்து தனி நிறுவனம் தொடங்கின. 2005-ல் பவானி ஆற்றிலிருந்து ஐம்பது கிலோமீட்டருக்கு மேல் குழாய் போட்டு, நாளுக்கு பதினெட்டரைக் கோடி லிட்டர் கொண்டுவரும் திட்டம் ஓடத் தொடங்கியது. ஆலைக்கு ஒரு விலை, ஊருக்கு அதைவிடக் குறைந்த விலை. ஆலை கொடுக்கும் பணத்தில் வழியோரக் கிராமத்துக்கும் குடிநீர். மீட்டர் வைத்து அளந்து கொடுத்தார்கள்.

வந்த தண்ணீரை அளந்தார்கள். வெளியே போன தண்ணீரை அளந்தார்களா? சாயக் கழிவை நொய்யல் ஆற்றில் போட்டார்கள். விவசாயத்துக்கென்று கட்டிய ஒரத்துப்பாளையம் அணை சாயக் கழிவு தேங்கும் இடமாகிப்போனது. பாசனத்துக்கு அணை கேட்ட விவசாயிகளே, அதைத் திறக்க வேண்டாம் என்று போராடும் நிலை வந்தது. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளையும் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களையும் மூடச் சொன்னது. எத்தனை குடும்பம் அன்றைக்குத் தவித்தது என்று உங்களுக்குத் தெரியும். ஆற்றில் போட்டாலும் அளந்து போடு! அப்புறம்தான் ஒரு சொட்டும் வெளியே விடாத முறை அங்கே வேரூன்றியது. இன்று சாயத் தண்ணீரைச் சுத்தம் செய்து, பெரும்பகுதியைத் திரும்பவும் சாயத்துக்கே எடுக்கிறார்கள். உப்பைக்கூட மீட்கிறார்கள். வெளிநாட்டில் துணி வாங்குகிறவர்கள் இப்போது அதைத்தான் முதலில் விசாரிக்கிறார்கள். கழிவைக் கையாளும் வசதியே ஆர்டர் பிடித்துத் தருகிறது.

சாலையும் எரிவாயுவும் முக்கியம்தான். அதற்கு நம் அடுத்த பேச்சாளர் இருக்கிறார். நான் வந்த காரியத்துக்கு வருகிறேன்.

ஊர்ச் சாக்கடைத் தண்ணீரைச் சுத்தம் செய்து, அளந்து, விலை போட்டு ஆலைகளுக்குக் கொடுக்க வேண்டும். ஆற்றுத் தண்ணீர் வாய்க்கும் வயலுக்கும் இருக்கட்டும். பல வருஷமாக இதைத்தான் எங்கள் நண்பர்கள் கேட்டு வருகிறோம். இது நடக்காத கனவு இல்லை. சென்னையில் மணலி எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை 1990-களின் தொடக்கத்திலிருந்தே சுத்திகரித்த சாக்கடை நீரை வாங்குகிறது. 2019-ல் கொடுங்கையூரிலும் கோயம்பேட்டிலும் தலா நாலரைக் கோடி லிட்டர் திறனில் உயர்தரச் சுத்திகரிப்பு நிலையங்கள் வந்தன. கோயம்பேட்டுத் தண்ணீர் ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கம் போகிறது. சென்னை அந்த வருஷம் ஏரிகள் வறண்டு தவித்ததை நினைத்துப் பாருங்கள். சூரத்தில் பாண்டேசரா ஜவுளிப் பேட்டைக்கு 2014 முதல் நாளுக்கு நாலு கோடி லிட்டர் வரை இப்படித்தான் கொடுக்கிறார்கள். அவர்களும் நம்மைப் போல சாயம் போடுகிறவர்கள்தான்.

நம் உக்கடத்தில் நாளுக்கு ஏழு கோடி லிட்டர் சுத்திகரிக்கும் திறனுள்ள நிலையம் இருக்கிறது. அங்கிருந்து குறிச்சித் தொழிற்பேட்டை சில கிலோமீட்டர்தான். பட்டறைகளில் குளிர்விக்கவும் கழுவவும் கழிப்பறைக்கும் குடிநீரை ஊற்றுகிறோம். குழாய் போட எவ்வளவு ஆகும், எந்த ஆலைக்கு எவ்வளவு தண்ணீர் வேண்டும், எந்தத் தரத்தில் வேண்டும் என்று கணக்கெடுக்கச் சொல்லித்தான் கேட்கிறோம். மாநகராட்சி உறுப்பினர்கள் இங்கே இருப்பதால் தைரியமாகவே கேட்கிறேன்: முதல் வேலையாக நிலையத்தின் வாசலில் ஒரு மீட்டர் வைத்து, தினமும் எவ்வளவு தண்ணீர் வெளியேறுகிறது, அதன் தரம் என்ன என்று ஒரு பலகையில் எழுதிப் போடுங்கள். இடம் பார்க்க வருகிறவர் அதையும் படித்துவிட்டுப் போகட்டும்.

வாசலில் ஒரு மேஜையில் கேட்புப் படிவம் வைத்திருக்கிறோம். உங்கள் ஆலைக்கு நாளுக்கு எத்தனை லிட்டர் தேவை, அதில் எவ்வளவு மறுசுழற்சித் தண்ணீராக இருந்தால் பரவாயில்லை என்பதை மட்டும் நிரப்பிக் கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள். உத்தேசமாக எழுத வேண்டாம், போன மாத மீட்டரையும் லாரி ரசீதையும் பார்த்து எழுதுங்கள். இரவு சாப்பாடு முடிவதற்குள் அவை எங்கள் கையில் இருந்தால் திங்கட்கிழமை காலையில் ஆணையரிடம் நேரில் கொடுத்துவிடுவோம். வாய்ப்பளித்த சங்கத்துக்கு நன்றி, வணக்கம்.