பருத்திக் காசில் எழுந்த பள்ளிக்கூடம்

அவையில் இருக்கும் எல்லோருக்கும் வணக்கம்.

இன்று நான் பேச வந்திருப்பது சின்னஞ்சிறு மரப் பள்ளிக்கூடங்களைப் பற்றி. அமெரிக்காவின் தென் மாநிலங்களில், பருத்திக் காட்டு ஓரத்தில், இரண்டு ஏக்கர் நிலத்தில், செங்கல் கால்களின் மேல் நிற்கும் ஒரு பலகைக் கட்டடத்தை நினைத்துக்கொள்ளுங்கள். உள்ளே ஒன்றோ இரண்டோ வகுப்பறை. குளிருக்கு ஓர் இரும்பு அடுப்பு. மேல்சட்டை மாட்ட ஒரு சிறு அறை. வெள்ளையர் பள்ளியில் சேர முடியாத கறுப்பினக் குழந்தைகளுக்காக இப்படி 4,977 பள்ளிகள் 15 மாநிலங்களில் எழுந்தன. எல்லாம் 1912க்கும் 1932க்கும் இடையில் நடந்தது. செங்கல் கட்டடங்களும் உண்டு, ஆனால் சிறிய ஊர்களில் பெரும்பாலும் மரம்தான். ரோசன்வால்ட் பள்ளிகள் என்று இவற்றுக்குப் பெயர்.

ஜூலியஸ் ரோசன்வால்ட், தபால் வழியே சரக்கு விற்ற சிகாகோவின் சியர்ஸ் ரோபக் நிறுவனத்தின் தலைவராக இருந்தவர். ஜெர்மனியிலிருந்து குடியேறிய யூதக் குடும்பத்துப் பிள்ளை. 1912இல் தம் ஐம்பதாவது பிறந்தநாளையொட்டி, அலபாமாவில் கறுப்பின மாணவர்களுக்காக நடந்த டஸ்கீகீ கல்வி நிலையத்துக்கு 25,000 டாலர் கொடுத்தார். அதை நடத்திவந்தவர் அடிமையாகப் பிறந்த புக்கர் டி. வாஷிங்டன். அந்தப் பணத்தில் கொஞ்சத்தை எடுத்து ஆறு கிராமங்களில் பள்ளி கட்டிப் பார்க்கலாமா என்று வாஷிங்டன் கேட்டார். ரோசன்வால்ட் சரி என்றார்.

முதல் பள்ளி லோச்சபோகா என்ற ஊரில் 1913இல் முடிந்தது. அதன் கணக்கை உங்களுக்குச் சொல்ல வேண்டும். மொத்தச் செலவு 942 டாலர் 50 சென்ட். ரோசன்வால்ட் 300 டாலர் கொடுத்தார். ஊர் வெள்ளையர்கள் 360 டாலர் தந்தார்கள். கறுப்பின மக்கள் 150 டாலர் திரட்டி நிலத்தை வாங்கினார்கள். அதோடு நிற்காமல், 132 டாலர் 50 சென்ட் பெறுமானமுள்ள வேலையைத் தங்கள் கையாலேயே செய்தார்கள்.

இருபது வருடக் கணக்கையும் பாருங்கள். ரோசன்வால்ட் தந்தது சுமார் 43 லட்சம் டாலர். கறுப்பின மக்கள் தந்தது சுமார் 47 லட்சம். மீதியில் பெரும்பகுதி அரசு வரிப்பணம். அந்த வரியை இவர்களும்தான் கட்டினார்கள். கட்டிய வரியில் இவர்கள் பிள்ளைகளுக்கு வந்து சேர்ந்தது சொற்பம். அதனால்தான் ஒரே பள்ளிக்கு இரண்டு தடவை காசு கொடுத்தார்கள் என்று சொல்கிறேன். கட்டி முடித்த பிறகு இடத்தையும் கட்டடத்தையும் அரசின் பெயருக்கு எழுதிக் கொடுக்க வேண்டும் என்பதும் நிபந்தனை.

காசு எங்கிருந்து வந்தது? குத்தகைக்கு உழுதவர்கள் வயலில் ஒரு துண்டை ஒதுக்கி, அதில் விளையும் பருத்தி பள்ளிக்கு என்று வைத்தார்கள். 'ரோசன்வால்ட் பாத்தி' என்றே அதைச் சொன்னார்கள். பெண்கள் மீன் வறுத்து விற்றார்கள், பணியாரம் பலகாரம் போல அவர்கள் ஊர்ப் பண்டங்களைச் சுட்டு ஏலம் விட்டார்கள். ரோசன்வால்டின் மேல் எனக்கு மிகுந்த மரியாதை உண்டு. ஆனால் பெயர்ப்பலகையில் அவர் பெயர் மட்டும் நின்றுபோனது எனக்கு வருத்தம்தான்.

கட்டடத்துக்கு வருவோம். இதன் அழகு முழுவதும் ஜன்னலில் இருக்கிறது. முதல் வரைபடங்களை டஸ்கீகீயில் தயாரித்தவர்களில் ஒருவர் ராபர்ட் டெய்லர். மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் பட்டம் பெற்ற முதல் கறுப்பினத்தவர். அந்த ஊர்களில் மின்சாரம் கிடையாது. வெயில்தான் விளக்கு. ஆகவே கிழக்கு அல்லது மேற்குச் சுவரில் உயரமான ஜன்னல்களை நெருக்கி நெருக்கி வரிசையாக வைத்தார்கள். சாலை எந்தப் பக்கம் இருந்தாலும் ஜன்னல் திசை மாறக் கூடாது. அதற்காக மனை பார்த்திருக்கும் திசைக்கு ஏற்பத் தனித்தனி வரைபடம் வந்தது. வெளிச்சம் பிள்ளையின் இடப்பக்கமிருந்து விழும்படி பெஞ்சுகளைப் போட்டார்கள். வலக்கையால் எழுதும்போது கை நிழல் தாளில் விழாது, பாருங்கள்! ஒரு ஏழைக் குழந்தையின் கண்ணுக்காக ஒருவர் இவ்வளவு யோசித்திருக்கிறார் என்பதை முதலில் படித்தபோது எனக்குத் தொண்டை அடைத்தது.

தன் நிறுவனத்திலிருந்தே தயார்நிலைப் பலகைகளை அனுப்பலாமே என்று ரோசன்வால்டுக்கு முதலில் ஓர் எண்ணம் இருந்தது. டஸ்கீகீக்காரர்கள் அதை ஏற்கவில்லை. உள்ளூர் மரம், உள்ளூர் ஆள் என்று நின்றார்கள். அப்படிக் கட்டினால்தான் ஊர் அதைத் தன்னுடையதாக நினைக்கும் என்பது அவர்கள் கணக்கு. இரண்டு வகுப்புக்கு நடுவே இருந்த தட்டியை ஒதுக்கினால் ஒரே கூடமாகிவிடும், ஊர்க்கூட்டம் அங்கேதான்.

இந்தப் பள்ளிகளில் படித்தவர்தான் எழுத்தாளர் மாயா ஏஞ்சலோ. பின்னாளில் நாடாளுமன்றம் போன ஜான் லூயிஸும் இங்கே படித்தவர்.

அப்புறம் 1954. பள்ளிகளில் நிறப்பிரிவினை செல்லாது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. இவர்கள் வேண்டியது அதுதான். ஆனால் பிள்ளைகள் வேறு பள்ளிகளுக்குப் போகப் போக, இந்த மரக் கட்டடங்கள் ஆளில்லாமல் நின்றன. சில வைக்கோல் கிடங்காயின. கறையான் தின்றது, கூரை ஒழுகியது, பல இடிந்தன. இன்று நிற்பவை சுமார் ஐந்நூறு. 2002இல் அந்நாட்டின் வரலாற்றுப் பாதுகாப்பு அறக்கட்டளை, மிக ஆபத்தில் இருக்கும் இடங்களின் பட்டியலில் இவற்றைச் சேர்த்தது. அதற்குப் பிறகுதான் வெளியுலகம் திரும்பிப் பார்த்தது. பல ஊர்களில் அதற்கு முன்பிருந்தே பழைய மாணவர்கள் கூரையை மாற்றி, உளுத்த பலகையை எடுத்துவிட்டுப் புதுப் பலகை அடித்துக் காப்பாற்றி வந்திருக்கிறார்கள்.

அலபாமாவிலோ வட கரோலினாவிலோ உங்களுக்குப் பிள்ளைகள், உறவுக்காரர்கள் இருக்கலாம். போகும்போது ஊர்ப்புறச் சாலையில் கொஞ்சம் மெதுவாகப் போகச் சொல்லுங்கள். ஒரு பழைய தேவாலயம், அதன் பக்கத்தில் ஒரு பலகைக் கட்டடம், ஒரே சுவரில் ஐந்தாறு உயரமான ஜன்னல்கள் நெருக்கமாக இருந்தால், இறங்கிப் பாருங்கள். அங்கே படித்த பெரியவர் யாராவது வந்தால், இதைக் கட்ட யார் யார் காசு கொடுத்தார்கள் என்று கேளுங்கள்.