உணவகக் கல்லாவும் வாடிக்கையாளரின் மீதிச் சில்லறையும்

[காட்சி: கிருஷ்ணகிரி அருகே நெடுஞ்சாலை உணவகம். வெளியூர்ப் பேருந்துகள் வரிசையாக நிற்கின்றன.]

வணக்கம். சென்னையிலிருந்து வரும் சாலை, ஓசூரிலிருந்து தருமபுரி, தொப்பூர் வழியாகச் சேலம் செல்லும் 44ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையோடு கிருஷ்ணகிரியில் வந்து சேர்கிறது. இவ்வழியே செல்லும் பேருந்துகள் உணவுக்காக நிற்கும்போது, ஓட்டுநர் ஹாரன் அடிப்பதற்குள் சாப்பிட்டு, பணம் கொடுத்து, மீதியையும் வாங்கிக்கொண்டு ஏறியாக வேண்டிய பயணிக்குக் காசை எண்ணிப் பார்க்க நேரம் இருப்பதில்லை. அந்த அவசரத்தில் கல்லாவிலேயே தங்கிவிடும் ஐந்தும் பத்தும் உணவகத்தின் வருமானம் அல்ல, பயணியின் பணம். ஆகவே மீதியைச் சரியாகத் தருவதைக் காசாளரின் நல்ல குணத்திடம் விட்டுவிடாமல், உணவகம் எழுதி வைத்துக் கடைப்பிடிக்கும் நடைமுறையாக்க வேண்டும்.

[காட்சி: ஒரு பில். வரி விவரம் பெரிதாகக் காட்டப்படுகிறது.]

பில்லில் பைசா எங்கிருந்து வருகிறது என்பதை முதலில் பார்ப்போம். பெரும்பாலான உணவகங்கள் 5 சதவீத ஜிஎஸ்டி வசூலிக்கின்றன. 186 ரூபாய்க்குச் சாப்பிட்டால் மத்திய வரி 4.65, மாநில வரி 4.65 சேர்ந்து 195.30 ஆகிறது. 25 பைசாவும் அதற்குக் கீழ்ப்பட்ட நாணயங்களும் 2011 ஜூன் 30ஆம் தேதியோடு செல்லாமல் போய்விட்டன. 50 பைசா இன்றும் செல்லும் என்றாலும் கையில் புழங்குவதில்லை. எனவே 30 பைசாவைத் தள்ளி 195 ரூபாயாக்குவது முறையானது, அது பில்லிலேயே தனி வரிசையில் தெரிய வேண்டும். 200 ரூபாய் கொடுத்தவருக்கு மீதி ஐந்து ரூபாயைத் தராமல் விடுவதோ வேறு விஷயம். அதை எந்தக் கணக்கிலும் ‘ரவுண்ட் ஆஃப்’ என்று சொல்ல முடியாது. வரியையும் சேர்த்து, முழு ஐந்து ரூபாயில் முடியுமாறு விலைப்பட்டியலைப் போட்டுவிட்டால் இந்தச் சிக்கலில் பாதி எழவே எழாது.

“சில்லறை இல்லை” என்பது பல சமயம் உண்மைதான். ஆனால் சில்லறை சேர்த்து வைப்பது கடையை நடத்துபவரின் பொறுப்பு. வங்கிக் கிளைகளில் நாணயம் கேட்டுப் பெறலாம். பத்து ரூபாய் நாணயத்தை வாங்க மறுக்கும் பழக்கத்தை உணவகங்கள் முதலில் கைவிட வேண்டும். அப்போது புழக்கத்தில் இருந்த 14 வடிவங்களும், ரூபாய்க் குறி இருப்பதும் இல்லாததும், செல்லும் என்று ரிசர்வ் வங்கி 2018 ஜனவரியிலேயே அறிவித்திருக்கிறது. நாணயச் சட்டப்படி ஒரு ரூபாயும் அதற்கு மேலும் மதிப்புள்ள நாணயங்களை ஆயிரம் ரூபாய் வரையிலான தொகைக்குக் கொடுக்கலாம். வாங்கினால்தானே கொடுப்பதற்குக் கல்லாவில் இருக்கும்? மிட்டாய் நாணயம் அன்று; வாடிக்கையாளர் கேட்காத மிட்டாயை நீட்டுவது, கேட்காத பொருளை விற்பதாகும். மீதியை அவருடைய கைப்பேசிக்கு அனுப்புவது நல்ல வழி, ஆனால் அவர் சம்மதித்தால் மட்டுமே.

[காட்சி: காசாளரின் கைகள், ஒரு 500 ரூபாய்த் தாள்.]

இப்போது கல்லாவில் நடக்க வேண்டியதைக் கவனியுங்கள். பில் 165 ரூபாய். வாங்கிய 500 ரூபாய்த் தாளை உடனே பெட்டிக்குள் போடாமல் மேசை மேலேயே வைத்து, “ஐந்நூறு கொடுத்திருக்கீங்க” என்று சொல்ல வேண்டும். பிறகு ஐந்து ரூபாய் வைத்து 170, முப்பது வைத்து 200, முந்நூறு வைத்து 500 என்று வாய்விட்டு எண்ணி, வாடிக்கையாளர் 335 ரூபாயை எடுத்துக்கொண்ட பின்பே தாள் பெட்டிக்குள் போக வேண்டும். கொடுத்தது நூறா ஐந்நூறா என்ற வாக்குவாதத்துக்கு அங்கே இடமே இல்லை.

நடைமுறையில் யாரும் பேசாத ஒன்று, இரவுக் கணக்கு. கல்லாவில் பணம் குறைந்தால் காசாளரின் சம்பளத்தில் பிடிப்பதும், கூடினால் கேள்வி கேட்காமல் வாங்கிக்கொள்வதும் பல இடங்களில் உள்ள வழக்கம். இப்படி இருந்தால், குறைந்துவிடுமோ என்ற பயத்தில் காசாளர் பகல் முழுவதும் இரண்டு ரூபாய், மூன்று ரூபாயாகப் பிடித்து வைக்கத்தான் செய்வார். அவரைக் குறை சொல்வதில் பொருளில்லை, விதியை வகுத்தவர் முதலாளி. கூடுதலையும் குறைவைப் போலவே தவறாகக் கருதி நோட்டில் எழுத வேண்டும். சிறு குறைவை நிர்வாகமே ஏற்க வேண்டும்.

மேசைக்கே பில் வரும் இடங்களில், சோம்புத் தட்டில் முழு மீதியையும் சப்ளையர் கொண்டுவந்து வைக்க வேண்டும். டிப்ஸ் வைப்பதும் வைக்காததும் சாப்பிட்டவரின் விருப்பம், “மீதி வேணுங்களா?” என்று கேட்பதே அவரைக் கூச்சப்படுத்தும். பில்லில் தானாகச் சேவைக் கட்டணம் சேர்க்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையில் வழிகாட்டுதல் வெளியிட்டது. கேளாமலே மீதியை வைத்துக்கொள்வதும் அந்த வழிகாட்டுதலின் நோக்கத்துக்கு எதிரானதே.

[காட்சி: பில்லின் பின்புறம் பேனாவால் எழுதப்பட்ட ‘பாக்கி 30’.]

சில்லறை வரும் வரை காத்திருக்க நேர்ந்தால், பாக்கித் தொகையைப் பில்லின் பின்புறம் எழுதிக் கையெழுத்திட்டுத் தரச் சொல்லுங்கள். கேட்டும் மீதி கிடைக்காவிட்டால் முதலில் மேலாளரிடம் சொல்லுங்கள். அதற்கும் பலனில்லை என்றால், பில்லைப் பத்திரமாக வைத்துக்கொண்டு தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் பதியலாம்.