இறப்புச் சான்றில் வெயில் இல்லை

சுகாதாரக் களப்பணியாளர்கள் அனைவருக்கும் வணக்கம்.

பருவநிலை மாற்றம் என்று பேச வந்தவர்கள் முதலில் பனிப்பாறை உருகும் படத்தைத்தான் போடுவார்கள். நான் உங்கள் கையில் இருக்கும் பதிவேட்டைப் பற்றிப் பேசலாம் என்று வந்திருக்கிறேன்.

1995 ஜூலையில் சிகாகோ நகரை வெப்ப அலை தாக்கியது. பிணவறையில் இடம் போதாமல் குளிர்சாதன லாரிகளைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். அங்கே மரணத்தின் காரணத்தை ஆராய்ந்து எழுதும் தலைமை மருத்துவப் பரிசோதகராக இருந்த எட்மண்ட் டோனஹியூ, இறந்தவரின் உடல்சூட்டையும் பூட்டிக் கிடந்த அறையின் நிலையையும் பார்த்து, 'வெப்பத்தால் மரணம்' என்று எழுதினார். எல்லாச் சாவையும் வெயிலின் தலையில் கட்டமுடியுமா என்று மேயர் சந்தேகப்பட்டார். பிற்பாடு, வழக்கமாக அந்த நாட்களில் எத்தனை பேர் இறப்பார்கள் என்பதோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். கூடுதலாக இறந்தவர்கள் 739 பேர். டோனஹியூ எழுதியதே குறைவு என்று தெரிந்தது!

வெயில் பெரும்பாலும் தன் பெயரில் கொல்வதில்லை. இதயம் ஏற்கெனவே தளர்ந்தவருக்கு மாரடைப்பாக வரும், சிறுநீரகம் பழுதானவருக்குச் சிறுநீரகச் செயலிழப்பாக வரும். சான்றிதழில் அதைத்தான் எழுதுகிறோம். யாரும் பொய் எழுதவில்லை, ஆனால் வெயில் தப்பித்துவிடுகிறது. கணக்கில் வராத சாவுக்கு யார் பணம் ஒதுக்குவார்கள்? அகமதாபாத்தில் 2010 மே மாத வெயிலில் கூடுதலாக ஆயிரத்துக்கு மேற்பட்டோர் இறந்ததை ஆய்வாளர்கள் எண்ணிச் சொன்னார்கள். 2013இல் அந்த நகரம் வெப்பச் செயல்திட்டம் கொண்டுவந்ததில் அந்த எண்ணிக்கைக்குப் பங்குண்டு.

எண்ணுவது ஒன்று. முன்கூட்டியே தெரிந்துவைத்திருப்பது இன்னொன்று. 2003 கோடை வெப்ப அலையில் பிரான்சில் மட்டும் சுமார் 15,000 பேர் இறந்தார்கள், பெரும்பாலும் முதியவர்கள். அதற்குப் பிறகு, உதவி தேவைப்படும் முதியோர், மாற்றுத்திறனாளிகளின் பட்டியலை ஒவ்வோர் ஊர் மேயரும் வைத்திருக்கவேண்டும் என்று சட்டம் போட்டார்கள். நல்ல சட்டம்தான். ஆனால் பெயர் கொடுத்தால்தான் பட்டியலில் வரமுடியும். கதவைத் திறக்கவே ஆளில்லாதவர் எங்கே போய்ப் பெயர் கொடுப்பார்? அந்த இடைவெளியில் நிற்பது நீங்கள்தான். மாடி அறையில் தனியாக இருப்பவர் யார், நீர் பிரியும் மாத்திரை சாப்பிடுகிறவர் யார், வியர்வையைக் குறைக்கும் மனநல மருந்து எடுப்பவர் யார் என்பது எந்தச் செயற்கைக்கோளுக்கும் தெரியாது. உங்களுக்குத் தெரியும்.

கொசு விஷயத்துக்கு வருவோம். சூடு கூடினால் ஏடிஸ் கொசுவின் உடலுக்குள் டெங்கு வைரஸ் சீக்கிரம் முதிர்கிறது. மழைதான் டெங்குவைக் கொண்டுவரும் என்று நினைக்கிறோம், வறட்சியும் கொண்டுவரும். குழாயில் தண்ணீர் வராவிட்டால் ஜனங்கள் டிரம்மில் பிடித்துவைப்பார்கள், கொசு அங்கே முட்டையிடும். தண்ணீர் வற்றினாலும் அந்த முட்டை பல மாதம் தாக்குப்பிடிக்கும். வாரத்துக்கு ஒருமுறை தண்ணீர் பிடிக்கிறவரிடம் போய் 'கொட்டுங்கள்' என்று அதட்டுவது எனக்குச் சம்மதமில்லை. இறுக்கமான மூடி கொடுங்கள், தண்ணீர் தீர்ந்ததும் உட்புறத்தைத் தேய்த்துக் கழுவச் சொல்லுங்கள்.

வெள்ளம் வந்தால் குளோரின், ஓஆர்எஸ், எலிக்காய்ச்சல் எல்லாம் உங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. ஒன்று மட்டும்: முகாமுக்கு வருகிறவரிடம் காய்ச்சலை விசாரிக்கும்போதே, தினமும் சாப்பிடும் மாத்திரை கையில் இருக்கிறதா என்றும் கேளுங்கள். இன்சுலினும் காசநோய் மாத்திரையும் வெள்ளத்தோடு போயிருக்கும்.

கடைசியாக, வெயிலில் ஆபத்தில் இருப்பவர்களின் பட்டியலில் பெரும்பாலும் விட்டுப்போகிற ஒரு பெயர். உச்சிவெயிலில் வீடு வீடாக ஏறி இறங்குகிற உங்கள் பெயர். வெப்ப எச்சரிக்கை விடுத்த நாளில் களப்பணியை விடியற்காலைக்கு மாற்றித் தரும்படி மேலதிகாரியிடம் கேளுங்கள். குடிநீரும், உட்கார நிழலும் கேளுங்கள். வாய்மொழியாக வேண்டாம், எழுதிக் கேளுங்கள்.