உங்கள் வகுப்பின் பத்து நிமிடம்

நேயர்களுக்கு வணக்கம். ஆங்கிலத்தை இரண்டாம் மொழியாகக் கற்பிக்கும் ஆசிரியர்களின் தொழில் வளர்ச்சி பற்றிப் பேச அழைத்திருக்கிறார்கள். பணியிடைப் பயிற்சி என்றதும் ஒரு நாள் பயிலரங்கும் மாலையில் தரும் சான்றிதழும்தான் பலருக்கும் நினைவுக்கு வரும். அங்கே கேட்ட நல்ல உத்தி மறுநாள் வகுப்பறைக்கு வரும். அடுத்த வாரம் காணாமல் போய்விடும். இதற்கு ஆசிரியர்களைக் குறை சொல்வது தவறு. கேள்வி கேட்பது, பதிலுக்குக் காத்திருப்பது, பிழை திருத்துவது எல்லாம் வகுப்பில் யோசிக்காமலே நடப்பவை. என்ன செய்கிறோம் என்று நமக்கே தெரியாதபோது எதை மாற்றுவது? ஆகவே, பயிலரங்குக்குப் போவதற்கு முன்பே, சொந்த வகுப்பை ஒரு பத்து நிமிடம் ஒலிப்பதிவு செய்து கேளுங்கள் என்பதுதான் நான் வலியுறுத்த விரும்புவது.

கைபேசி போதும். ஆனால் அதை ஆசிரியர் மேசையில் வைத்தால் ஆசிரியரின் குரல் மட்டும்தான் பதிவாகும். வகுப்பின் நடுவில் உள்ள மேசையில், ஒரு துணியை மடித்து அதன்மேல் வையுங்கள்; மேசையில் பேனா விழும் சத்தம்கூடப் பதிவைக் கெடுக்கும். அழைப்பு வராதபடி ஃபிளைட் மோடுக்கு மாற்றுங்கள். தலைமையாசிரியரிடம் அனுமதி பெறுங்கள், மாணவர்களிடம் காரணம் சொல்லுங்கள், வேலை முடிந்ததும் பதிவை அழித்துவிடுங்கள். முதல் நாள் பதிவை நம்ப வேண்டாம். கைபேசியைப் பார்த்துக் குழந்தைகளும் மாறுவார்கள், நாமும் மாறுவோம். மூன்றாவது, நான்காவது பதிவில்தான் இயல்பான வகுப்பு கிடைக்கும்.

அடுத்தது, எழுதி எடுப்பது. வெறுமனே கேட்டால், நினைத்ததைத்தான் காது கேட்கும். பத்து நிமிடப் பேச்சை எழுத ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும் என்பதால், கேள்வி பதில் நடக்கும் ஐந்து நிமிடத்தை மட்டும் முதலில் எழுதுங்கள். பிழைகளைத் திருத்தாமல், பேசியது பேசியபடி எழுத வேண்டும். மௌனங்களை நொடிக்கணக்கில் குறிக்க வேண்டும்.

அப்படி எழுதினால் என்ன தெரியும்? இந்த மாதிரி ஒரு பகுதியைப் பாருங்கள். ஆசிரியர் கேட்கிறார்: "வேர் டிட் யூ கோ எஸ்டர்டே?" மாணவி: "ஐ கோ டு லைப்ரரி." ஆசிரியர்: "ஓ, யூ வென்ட் டு த லைப்ரரி. குட்!" மாணவி: "எஸ்."

ஆசிரியர் திருத்திவிட்டார், மாணவிக்கோ திருத்தியதே தெரியாது. தன் பதிலை ஆசிரியர் ஆமோதித்தார், பாராட்டினார் என்றுதான் அவள் எடுத்துக்கொண்டாள். பிழையைச் சுட்டாமல் சரியான வடிவத்தில் திருப்பிச் சொல்லும் இந்த முறைக்கு ரீகாஸ்ட் என்று பெயர். ராய் லிஸ்டரும் லைலா ராண்டாவும் கனடாவில், பிரெஞ்சு வழியாகப் பாடம் படிக்கும் பிள்ளைகளின் 4 வகுப்புகளை ஆராய்ந்து 1997இல் வெளியிட்ட கட்டுரை இதற்கு நல்ல சான்று. ஆசிரியர்கள் செய்த திருத்தங்களில் 55 சதவீதம் ரீகாஸ்ட். ஆனால் அவற்றில் 31 சதவீதத்துக்குத்தான் மாணவர்களிடம் ஏதேனும் எதிர்வினை இருந்தது. சரியான வடிவத்தை மாணவர் வாயிலிருந்தே வரவழைக்கும் முறைக்கு ஒவ்வொரு முறையும் எதிர்வினை வந்தது.

இதைக் கேட்டுவிட்டு ரீகாஸ்ட்டையே கைவிட வேண்டியதில்லை. ஒரே ஒரு பிழையை மட்டும் எடுத்து, சுருக்கமாக, அந்தச் சொல்லை அழுத்திச் சொன்னால் அதுவும் வேலை செய்யும்: "வென்ட்?" என்று மட்டும். அல்லது "எஸ்டர்டே, ஐ..." என்று பாதியில் நிறுத்தி, மாணவியை முடிக்க விடுங்கள். "குட்" என்ற பாராட்டைத் திருத்தத்தோடு ஒட்ட வைக்காதீர்கள். குழப்பத்தின் வேர் அந்தச் சொல்தான். இன்னொன்று: மாணவர் மனத்தில் இருப்பதைக் கோத்துச் சொல்லிக்கொண்டிருக்கும்போது ஒவ்வொரு பிழைக்கும் குறுக்கிட்டால் பேச்சே நின்றுவிடும். அப்போது குறித்துக்கொண்டு, கடைசி ஐந்து நிமிடத்தில் யார் சொன்னது என்று காட்டாமல் நான்கைந்து வாக்கியங்களைக் கரும்பலகையில் எழுதி, வகுப்பையே திருத்தச் சொல்லலாம்.

எழுத்துப்படியில் அடுத்துக் கண்ணில் படுவது மௌனம், அல்லது மௌனமே இல்லாதது. கேள்வி கேட்டபின் ஆசிரியர்கள் சராசரியாக ஒரு நொடி அளவே காத்திருக்கிறார்கள் என்று கல்வி ஆய்வாளர் மேரி பட் ரோ 1970களில் அறிவியல் வகுப்புகளில் கண்டார். அதை மூன்று நொடியாக்கியபோது பதில்கள் நீண்டன, பதிலே வராத தருணங்கள் குறைந்தன. தாய்மொழியில் நடக்கும் வகுப்பிலேயே இப்படி என்றால், ஆங்கில வகுப்பில் காத்திருப்பு எவ்வளவு முக்கியம்! கேள்வி புரிய வேண்டும், பதில் தோன்ற வேண்டும், அதை ஆங்கிலத்தில் அமைக்க வேண்டும். ஒரு நொடியில் இதைச் செய்யக்கூடியவர்கள் முன்வரிசையில் எப்போதும் கை தூக்கும் மூன்று பேர்தான்.

மனத்துக்குள் "ஆயிரத்து ஒன்று, ஆயிரத்து இரண்டு, ஆயிரத்து மூன்று" என்று எண்ணுங்கள். ஏறக்குறைய மூன்று நொடி. வரிசை முக்கியம்: முதலில் கேள்வி, பிறகு காத்திருப்பு, கடைசியில் பெயர். பெயரை முதலில் சொன்னால் மற்றவர்கள் யோசிப்பதை அந்தக் கணமே நிறுத்திவிடுவார்கள். மாணவர் பதில் சொன்ன பிறகும் மூன்று நொடி பேசாமல் இருங்கள். இரண்டாவது வாக்கியம் பெரும்பாலும் அங்கேதான் பிறக்கும். புத்தகத்தில் உள்ள விடையைக் கேட்கும் எளிய கேள்விக்கு இவ்வளவு நேரம் வேண்டாம், வகுப்பு தொய்ந்துபோகும்.

செயல்பாட்டுக்கான அறிவுறுத்தல்களையும் அதே படியில் பாருங்கள். ஒரே மூச்சில் நான்கு கட்டளை இருந்தால், வகுப்பு பக்கத்துப் பையனைப் பார்த்துத்தான் வேலையைத் தொடங்கியிருக்கும். ஒரு வாக்கியத்துக்கு ஒரு வேலை என்று முன்கூட்டியே எழுதிவையுங்கள். "அண்டர்ஸ்டாண்ட்?" என்று கேட்டால் எல்லோரும் "எஸ்" என்பார்கள். "எத்தனை பேர் சேர்ந்து செய்ய வேண்டும்? எழுத வேண்டுமா, பேச வேண்டுமா?" என்று கேட்டால்தான் புரிந்ததா என்பது தெரியும்.

இத்தனையையும் ஒரே வாரத்தில் மாற்ற முயல்பவர்கள் பத்து நாளில் களைத்துப்போவார்கள். ஒன்றைத் தேர்ந்தெடுத்து மூன்று வாரம் அதை மட்டும் செய்யுங்கள். பிறகு மறுபடி ஐந்து நிமிடம் பதிவு செய்து, பழைய படியோடு ஒப்பிடுங்கள்.

இனி சக ஆசிரியரின் பங்கு. ஆங்கிலம் கற்பிக்க வருபவர்களுக்கான கேம்பிரிட்ஜின் செல்டா சான்றிதழ்ப் படிப்பு குறைந்தது 120 மணி நேரம் கொண்டது. அதில் 6 மணி நேரம், பயிற்றுநர் உட்கார்ந்து பார்க்க, உண்மையான மாணவர்களுக்குப் பாடம் நடத்த வேண்டும். ஆசிரியராகத் தொடங்குபவருக்கு அவ்வளவு கவனிப்பு இருக்கிறது. வேலைக்கு வந்தபின் நம் வகுப்பைப் பார்க்க வருபவர் மதிப்பெண் போடும் அதிகாரி மட்டும்தான். அவர் வரும் நாளில் ஒத்திகை பார்த்த பாடம்தான் நடக்கும், அதனால் யாரும் எதையும் கற்பதில்லை. சக ஆசிரியரின் கவனிப்பை மதிப்பீட்டிலிருந்து முழுமையாகப் பிரித்து வைக்க வேண்டும். குறிப்புத்தாள், கவனிக்கப்பட்டவர் கைக்கே போக வேண்டும். அலுவலகக் கோப்புக்குப் போகக் கூடாது.

வருபவரிடம் ஒரே ஒரு கேள்வியைக் கொடுங்கள். உதாரணமாக, "நான் யாரிடம் பேசுகிறேன்?" அவர் இருக்கை வரைபடம் ஒன்றை வரைந்து, நீங்கள் கேள்வி கேட்ட ஒவ்வொரு மாணவருக்கும் ஒரு கோடு போட வேண்டும், அவ்வளவுதான். "நன்றாக இருந்தது" என்று எழுதக் கூடாது. ஜன்னலோர வரிசைக்கு ஒரு கோடுகூட விழவில்லை என்பதை அந்தத் தாள் தானே சொல்லிவிடும். அன்றே, தவறினால் மறுநாள் பேசிவிடுங்கள்; பாடம் நடத்தியவர் முதலில் பேசட்டும்.

ஆசிரியரின் சொந்த ஆங்கிலமும் பேணப்பட வேண்டும். நாள் முழுதும் தொடக்கநிலை வாக்கியங்களையே பேசினால் சரளம் குறையத்தான் செய்யும். மாணவர்களுக்குத் தரும் நான்கு, மூன்று, இரண்டு பயிற்சியை ஆசிரியர்களும் செய்யலாம்: ஒரே பொருளை ஒருவரிடம் 4 நிமிடம், அடுத்தவரிடம் 3 நிமிடம், மூன்றாமவரிடம் 2 நிமிடம் பேசுவது. சொல்ல வேண்டியது மாறாது, நேரம் மட்டும் சுருங்குவதால் தயக்கமும் இடைவெளியும் குறையும். புதுப்புதுத் தலைப்பாக எடுத்தால் பயிற்சி பலன் தராது.

இவை எல்லாவற்றுக்கும் நிர்வாகம் செய்ய வேண்டிய உதவி ஒன்றுதான்: ஆங்கில ஆசிரியர்கள் அனைவருக்கும் வாரத்தில் ஒரு பாடவேளை ஒரே நேரத்தில் ஓய்வாக அமையும்படி கால அட்டவணையைப் போடுவது. ஆண்டுத் தொடக்கத்தில் கேட்டால் கிடைக்கும். அட்டவணை அச்சான பிறகு கேட்டால் அடுத்த ஆண்டுதான். நன்றி, வணக்கம்.