வீட்டிலிருந்து வேலை குடும்பத்தைச் சேர்த்ததே!

நடுவர் அவர்களே, சாரலில் நனைந்தாலும் நாற்காலியை விடாத தென்காசிப் பெருமக்களே, வணக்கம். கொரோனா போய்விட்டது, அது கொண்டுவந்த 'வீட்டிலிருந்து வேலை' போகவில்லை. அது குடும்பத்தைச் சேர்த்ததா, பிரித்ததா என்பது கேள்வி. சேர்த்தது என்கிறோம் நாங்கள்.

எதிரணி அண்ணன் ஒரு போடு போட்டார். "பக்கத்து அறையில் உட்கார்ந்துகொண்டு, காபி வேண்டும் என்று பெண்டாட்டிக்கு வாட்ஸ்அப் அனுப்புகிறான், இதுவா குடும்பம்?" என்றார். கைதட்டினீர்கள். நானும் தட்டினேன், ஏனென்றால் என் வீட்டுக்காரரும் அனுப்பினார்!

அண்ணே, ஆபீஸ் போன காலத்தில் அவர் அனுப்பியது ஒரே செய்திதான்: 'லேட்டாகும்.' இப்போது 'காபி' என்று வருகிறது. வளர்ச்சியா இல்லையா? நான் என்ன செய்தேன் தெரியுமா? நீல டிக் மட்டும் காட்டிவிட்டுச் சும்மா இருந்தேன். கொஞ்ச நேரத்தில் மனிதர் எழுந்து அடுப்படிக்கே வந்துவிட்டார். "சர்க்கரை டப்பா எங்கே?" என்றார். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் முதல் தடவை! இன்றைக்கு எங்கள் வீட்டில் சுக்குக் காபி அவர் கையால்தான். அண்ணே, உங்கள் வருத்தம் வாட்ஸ்அப் வந்ததா, உங்களுக்கு டிக்கே விழவில்லை என்பதா?

சரி, எங்கள் தெருக் கதைக்கு வருகிறேன். ஒரு தம்பி, சென்னை சிறுசேரியில் ஐடி வேலை. ஊரடங்குக்கு ஊர் வந்தான். மொட்டை மாடியில்தான் சிக்னல். காலை ஏழு மணிக்கு ஆஸ்திரேலியாக்காரரோடு மீட்டிங். அவருக்கு அது பதினொன்றரை. மும்முரமாகப் பேசும்போது தெருவில் ஒரு குரல்: "கீரேஏஏய்ய்! அரைக்கீரை, சிறுகீரை, தண்டங்கீரேஏஏய்ய்!"

ஆஸ்திரேலியாக்காரர் பதறிவிட்டார். ஏதும் அபாயச் சங்கா என்றார். தம்பி சமாளித்தான்: "இல்லை சார், காய்கறி அலர்ட்." மறுநாள் மைக்கை அணைத்தான். அவர் விடவில்லை, "அணைக்காதே, அந்த அம்மா வரட்டும்" என்றார். அப்புறம் தினமும் அந்த மீட்டிங்கில் முதலில் கீரை, பிறகுதான் கணக்கு. ஒருநாள் குரலே இல்லை. சிட்னியில் இருக்கிறவர் கேட்கிறார், "உங்கள் பாடகி எங்கே?" தம்பி இறங்கிப் போய் விசாரித்தான். பாட்டிக்குக் காய்ச்சல். அவன் அம்மா கஞ்சி காய்ச்சிக் கொடுக்க, இவன் கொண்டுபோய் வைத்துவிட்டு வந்தான். சிறுசேரியில் இருந்திருந்தால் இந்தச் செய்தியை அவனுக்கு யார் சொல்லியிருப்பார்?

எதிரணி சொல்லலாம், ஐடி கம்பெனி டிசிஎஸ் 2023 அக்டோபரிலேயே எல்லோரையும் ஆபீஸுக்குக் கூப்பிட்டுவிட்டதே என்று. கூப்பிட்டது. ஆனால் 2024-இல் விழுப்புரத்திலும் தஞ்சாவூரிலும் சேலத்திலும் மினி டைடல் பூங்கா என்று சின்ன ஐடி வளாகங்களை ஏன் திறந்தார்கள்? நம் மத்தளம்பாறையில் சோஹோ மென்பொருள் கம்பெனி கொரோனாவுக்கு முன்பே கடை விரித்துவிட்டது. பிள்ளையைச் சென்னை ஓஎம்ஆர் ஐடி சாலைக்கு அனுப்பாமலே வேலை நடக்கும் என்று ஊருக்கே தெரிந்துவிட்டது, அவ்வளவுதான்.

மணி அடித்துவிட்டீர்கள் நடுவர் அவர்களே, ஒரே நிமிடம்.

அதே தம்பியின் அப்பா 2020 ஜூலையில் போய்ச் சேர்ந்தார். மாவட்டம் விட்டு மாவட்டம் போக இ-பாஸ் கேட்ட காலம். பெற்றவன் சாவுக்கு விண்ணப்பம் போட்டு, போனையே பார்த்துக்கொண்டிருந்த பிள்ளைகள் இந்தக் கூட்டத்திலேயே இருப்பீர்கள். இவன் மாடியில் மீட்டிங்கில் இருந்தான். அம்மா கூப்பிட்ட சத்தம் கேட்டு ஓடிவந்தான். வாயில் ஊற்றிய தண்ணீர் இறங்கியது. யார் ஊற்றுகிறார்கள் என்று அவருக்குத் தெரிந்தது, "வந்துட்டியாடா" என்றார்.

பிரித்தது என்று எழுதப்போகிறீர்களா நடுவர் அவர்களே? எழுதுங்கள். ஆனால் எழுதுவதற்கு முன்னால் அந்தத் தம்பியின் அம்மாவை ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள், மூன்றாவது வரிசையில்தான் உட்கார்ந்திருக்கிறார். நன்றி, வணக்கம்.