ஒரு விளக்குக்கு 96 ஆடுகள்

அவையோர் அனைவருக்கும் வணக்கம். சமயம் சமூகத்தை எவ்வாறு வடிவமைத்தது என்று பேசத் தொடங்கினால் நாம் வழக்கமாகத் தத்துவத்துக்குத்தான் போவோம். இன்று ஆட்டுக் கணக்கிலிருந்து தொடங்குகிறேன்.

தஞ்சைப் பெரிய கோயிலில் ஒரு விளக்கு அணையாமல் எரிய நாளொன்றுக்கு ஓர் உழக்கு (அக்கால முகத்தலளவை) நெய் வேண்டும். அதற்கு 96 ஆடு, அல்லது 48 பசு, அல்லது 16 எருமை என்று கணக்கிட்டு, அவற்றை இன்ன ஊர் இடையர் இன்னாரிடம் விட்டோம், அவருக்குப் பிணை நிற்பவர் இன்னார் என்று பெயர் பெயராகக் கல்லில் வெட்டியிருக்கிறார்கள். இப்படி விட்ட ஆடுகளைச் சோழர் காலக் கல்வெட்டுகள் ‘சாவா மூவாப் பேராடு’ என்கின்றன. ஆடு மூப்படையும், சாகும்; ஆனால் குட்டிகளைக் கொண்டு எண்ணிக்கையை நிரப்பிவிட வேண்டியவர் இடையர் என்பதால் கணக்கில் ஒன்றும் குறையாது. விளக்கு வைத்த புண்ணியம் கொடுத்தவருக்கு. அதைத் தலைமுறை தலைமுறையாகச் சுமந்தது இடையர் குடும்பம். வேட்டையில் தவறுதலாக ஒருவரைக் கொன்றவரைக் கோயிலுக்கு விளக்கு வைக்கச் சொல்லித் தீர்ப்பளித்த ஊரவரும் உண்டு. ஒரு கொலை வழக்குகூட இந்த ஆட்டுக் கணக்கில்தான் முடிந்தது.

காசும் அப்படியே. கோயில் பணத்தைப் பெற்றுக்கொண்ட ஊர்ச் சபைகள், காசு ஒன்றுக்கு ஆண்டுக்கு அரைக்கால் காசு, அதாவது 12.5 விழுக்காடு, பொலிசை (வட்டி) கட்டின. நெல் அளந்த மரக்கால் என்னும் அளவைக்கும் பொன் நிறுத்த எடைக்கல்லுக்கும் ‘ஆடவல்லான்’ என்றே பெயர். கூத்தாடும் இறைவனின் பெயரைச் சொல்லி அளக்கும்போது குறைத்து அளக்கக் கை கூசும் என்று எண்ணினார்களோ என்னவோ! காஞ்சிக்கு அருகே திருமுக்கூடல் கோயிலில், சோழ மன்னன் வீரராசேந்திரன் காலத்தில், 15 படுக்கைகளோடு ஆதுலர் சாலையும், அதாவது மருத்துவமனையும், நடந்தது.

இவற்றையெல்லாம் பெருமையோடு சொல்லும் மேடைகளில், நான் பேசிய மேடைகளும் அவற்றுள் அடங்கும், இரண்டு சொற்களை விட்டுவிடுகிறோம். அதே தஞ்சைக் கோயில் கல்வெட்டில், வரி நீக்கிய நிலங்களின் பட்டியலில், ஊர்நத்தம் (ஊரார் குடியிருக்கும் நிலம்), குளம் ஆகியவற்றோடு ‘பறைச்சேரி’, ‘தீண்டாச்சேரி’ என்பனவும் வருகின்றன. சுடுகாடும் தனித்தனி. பட்டியல் எழுதியவருக்கு அதில் வியப்பும் இல்லை, கூச்சமும் இல்லை; குளம் இருப்பதைப் போல் சேரியும் இருக்கிறது, அவ்வளவுதான். சேரியைக் கோயில்தான் உண்டாக்கியது என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் கோயிற்கணக்கில் ஏறிய பின் அந்தப் பிரிவினைக்குக் கல்லின் ஆயுள் கிடைத்துவிட்டது.

விமானத்தின் உச்சிக்கு இராசராசன் கலசம் கொடுத்தது 1010இல். ஒடுக்கப்பட்டோர் சிலரை விடுதலைப் போராட்ட வீரர் வைத்தியநாத ஐயர் மதுரை மீனாட்சியம்மன் கோயிலுக்குள் அழைத்துச் சென்றது 1939 ஜூலை 8 அன்று. நுழைந்தவர்கள்மீதும் அழைத்துச் சென்றவர்கள்மீதும் வழக்குப் பாயாமல் காக்க, அரசு அதே ஆண்டில் தனிச் சட்டமே இயற்ற வேண்டியிருந்தது.