மாவு வண்டிக்கு ஸ்டிக்கர் ஒட்டும் முன்

[காட்சி: கோவை காந்திபுரம். சிக்னலில் பச்சை விழுந்ததும் ஒரு வெள்ளை வேன் நகர்ந்து போகிறது.]

கடை பெயர், முகவரி, மூன்று ஃபோன் நம்பர், பத்துப் பதினைந்து பொருள்களின் பட்டியல், நடுவில் இட்லித் தட்டு படம். இவ்வளவும் அந்த வண்டியில் இருந்தன. வண்டி போய்விட்டது. உங்கள் நினைவில் எது நிற்கிறது?

கடன் வாங்கித் தொழில் தொடங்கியவர்கள் ஆசையாக ஒட்டிய ஸ்டிக்கர் யாராலும் படிக்கப்படாமல் ஓடுவதைப் பார்த்தால் மனசு கஷ்டப்படுகிறது. அதற்காகத்தான் இந்த வீடியோ.

[காட்சி: மேலிருந்து ஒரு சாலை. இரண்டு வண்டிகள் எதிரெதிரே வருகின்றன.]

மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் போகும் வண்டி ஒரு நொடியில் 11 மீட்டர் கடக்கிறது. எதிரே அதே வேகத்தில் இன்னொருவர் வந்தால், இருவருக்கும் இடையிலான தூரம் நொடிக்கு 22 மீட்டர் குறையும். அவர் சாலையையும் பார்க்க வேண்டும். உங்கள் வண்டிக்குக் கிடைப்பது இரண்டு மூன்று நொடி.

சரி, ஒரு உதாரணம் எடுத்துக்கொள்வோம். இட்லி மாவு அரைத்துக் கடைகளுக்கும் வீடுகளுக்கும் கொடுக்கும் தொழில். வண்டி, வெள்ளை நிற மாருதி ஈகோ. பக்கவாட்டில் 'இட்லி மாவு' என்பது மிகப் பெரியதாக இருக்கட்டும். கடை பெயர் அதற்கு அடுத்த அளவில். பல முதலாளிகள் இதற்கு ஒப்புக்கொள்ள மாட்டார்கள், பெயர்தான் பெரிதாக வேண்டும் என்பார்கள். ஊருக்கே தெரிந்த பெயர் என்றால் சரி. புதுக் கடைக்கு, என்ன விற்கிறீர்கள் என்பதுதான் முதலில் போய்ச் சேர வேண்டும்.

[காட்சி: வேனின் பின்பக்கம். பின்னால் ஒரு ஸ்கூட்டர் வந்து நிற்கிறது.]

பின்பக்கம் வேறு கதை. சிக்னலில் பின்னால் நிற்பவருக்கு ஒரு நிமிடம்கூட அவகாசம் உண்டு. எனவே ஃபோன் நம்பருக்கு இதுதான் இடம். ஒரே ஒரு நம்பர், ஐந்து ஐந்து இலக்கமாகப் பிரித்து. கியூஆர் கோடு வேண்டாம். வண்டி ஓட்டுகிறவரை ஃபோனைக் கையில் எடுக்கச் சொல்லும் விளம்பரம் எனக்குச் சம்மதமில்லை.

[காட்சி: பக்கவாட்டுக் கதவு பின்னோக்கி நகர்ந்து திறக்கிறது.]

பலரும் கவனிக்காத ஒன்று இங்கே இருக்கிறது. ஈகோவின் பக்கக் கதவு திறக்கும்போது பின்னால் நகர்ந்து, அங்குள்ள தகட்டை மறைக்கும். மாவு இறக்கும்போது கதவு திறந்துதான் இருக்கும். தெருவில் இருப்பவர்கள் நின்று பார்ப்பதும் அப்போதுதான். 'இட்லி' கதவிலும் 'மாவு' பின்தகட்டிலும் இருந்தால், கதவு திறந்ததும் மாவு காணாமல் போய்விடும். அதனால் கதவு மூடியபடி ஒரு படம், திறந்தபடி ஒரு படம் எடுத்து, அவற்றின் மேலேயே டிசைன் போடச் சொல்லுங்கள். கைப்பிடி, பெட்ரோல் மூடி, கதவு இடுக்கு ஆகியவற்றில் எழுத்து விழக்கூடாது.

[காட்சி: திரையில் 'இட்லி மாவு' பெரிதாக.]

இப்போது எழுத்து. 'ட்' மேல் ஒரு புள்ளி, 'லி'யில் மேலே ஒரு வளைவு, 'வு' கீழே இறங்குகிறது. ஆங்கிலப் பெரிய எழுத்துகள் மாதிரி ஒரே உயரத்தில் நிற்பதில்லை. ஆகவே இரண்டு வரி எழுதினால் இடைவெளியைத் தாராளமாக விடுங்கள். ரொம்பத் தடித்த ஃபான்ட்டில் உள்வளைவுகள் அடைபட்டு, 'ண'வும் 'ன'வும் தூரத்தில் ஒன்றுபோலத் தெரியும். நிழல், பளபளப்பு எல்லாம் சேர்த்தால் புள்ளி காணாமல் போகும். 1 அங்குல எழுத்தை 10 அடியிலிருந்து வசதியாகப் படிக்கலாம் என்பது போர்டு செய்பவர்களின் பழைய கணக்கு. 60 அடி என்றால் 6 அங்குலம். அது ஆங்கிலத்துக்கு. தமிழுக்கு 8 அங்குலம் வையுங்கள் என்பேன்.

கம்ப்யூட்டரிலும் ஒரு ஆபத்து உண்டு. ஒரு கம்ப்யூட்டரில் ஒழுங்காக இருந்த கொம்பும் காலும் வேறு கம்ப்யூட்டரில் இடம் மாறிவிடும். எழுத்தைக் கர்வ் ஆக, அதாவது ஃபான்ட் இல்லாமலே நிற்கும் கோட்டு வடிவமாக, மாற்றிய பிறகு, தமிழ் நன்றாகப் படிக்கத் தெரிந்த ஒருவர் பார்க்கட்டும். பிறகு பிரிண்டுக்குப் போகலாம்.

நிறத்துக்கு எளிய சோதனை: டிசைனை ஃபோனில் கறுப்பு வெள்ளையாக மாற்றுங்கள். எழுத்து மங்கினால் நிறத்தை மாற்றுங்கள். பச்சையின் மேல் சிவப்பு எழுத்து பெரும்பாலும் இதில் தோற்கும். வண்டியின் வெள்ளையையே பின்னணியாக விட்டால் செலவும் குறையும்.

[காட்சி: ஸ்டிக்கர் கடை. சூடான காற்றை வீசும் ஹீட் கன்னும், ஸ்டிக்கரைத் தேய்த்து ஒட்டும் ஸ்க்வீஜியும்.]

ஸ்டிக்கருக்கான பிளாஸ்டிக் ஃபிலிமில் இரண்டு வகை. காலண்டர்டு என்பது சூடான உருளைகளுக்கு நடுவே அழுத்தி இழுத்துச் செய்வது. வெயில் பட்டால் பழையபடி சுருங்கப் பார்க்கும். கேஸ்ட் என்பது திரவமாக ஊற்றிக் காயவைப்பது. சுமார் 50 மைக்ரான் தடிமன்தான், வளைவிலும் பள்ளத்திலும் படிந்து உட்காரும், விலை கூடுதல். சமமான தகட்டில் எழுத்து மட்டும் என்றால் காலண்டர்டு போதும். வண்டி முழுக்க என்றால் கேஸ்ட்தான். எதுவானாலும் பிரிண்டின் மேலே லேமினேஷன், அதாவது ஒரு பாதுகாப்புப் படலம், இருக்கட்டும். இல்லாவிட்டால் நம் வெயிலில் சீக்கிரமே வெளுத்துவிடும்.

[காட்சி: நம்பர் பிளேட், பிரதிபலிப்புப் பட்டை, கண்ணாடி.]

ஒட்டக்கூடாத இடங்களும் உண்டு. நம்பர் பிளேட், விளக்குகள், முன்னால் வெள்ளை, பக்கத்தில் மஞ்சள், பின்னால் சிவப்பு என்று இருக்கும் பிரதிபலிப்புப் பட்டைகள். கண்ணாடியையும் விட்டுவிடுங்கள். முன், பின் கண்ணாடியில் 70 சதவீதமும் பக்கக் கண்ணாடியில் 50 சதவீதமும் ஒளி ஊடுருவ வேண்டும் என்பது மோட்டார் வாகன விதி. கறுப்பு ஃபிலிமை உச்ச நீதிமன்றம் 2012-ல் தடை செய்தது. ஆர்.சி.யில் வண்டியின் நிறம் பதிவாகியிருக்கும். அதனால் முழுவதும் வேறு நிறத்தில் மூடுவதானால் முதலில் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேளுங்கள். விளம்பரத்துக்கு அனுமதியோ கட்டணமோ தேவையா என்பதையும் அங்கேயே கேட்டுவிடலாம்.

[காட்சி: பழைய ஸ்டிக்கரை ஒருவர் உரிக்கிறார்.]

அப்புறம், ஸ்டிக்கரில் வெடிப்பு விழ ஆரம்பிக்கும் முன்பே எடுத்துவிடுங்கள். ஹீட் கன்னால் இளஞ்சூடாக்கி மெல்ல உரித்தால் முழுசாக வரும். வருடக்கணக்கில் விட்டால் துண்டு துண்டாகப் பிய்யும். டிங்கரிங் செய்து மறுபெயின்ட் அடித்த இடமாக இருந்தால் பெயின்ட்டும் கூடவே வந்துவிடலாம். அந்த இடங்களை ஒட்டும்போதே கடைக்காரரிடம் காட்டிவிடுங்கள்.